சலவைக்குப் போன காசு

கையுறை துவைப்பது காசக்காவின் வேலை என்று எந்தக் காகிதத்திலும் எழுதியிருக்கவில்லை. அருங்காட்சியகத்தின் நாணய அறையில் அவள் இருபத்திரண்டு வருடமாக உதவியாளர். அதில் கடைசிப் பதினைந்து வருடமாக, வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்த வாரத்துப் பருத்திக் கையுறைகளை ஒரு துணிப்பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோய், சனிக்கிழமை துவைத்துக் காயவைத்து, திங்கட்கிழமை மடித்துக் கொண்டுவருவாள். அலுவலகச் சலவைக்குப் போட்டால் திரைச்சீலையோடு சேர்த்து வெளுத்து, அப்பளமாக விறைத்து வரும். நம் கைக்கே முரடாக இருக்கிறதே, காசுக்கு எப்படி இருக்கும் என்று அவளாக எடுத்துக்கொண்ட வேலை அது. யாரும் நன்றி சொன்னதில்லை. வேண்டாம் என்றும் சொன்னதில்லை.

அந்தச் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, பின்பக்கத்து பால்கனியில் கையுறைகளைக் கொடியில் மாட்டிக்கொண்டிருந்தாள். ஏழாவது கையுறையின் மோதிர விரலில் கிளிப் மூட மறுத்தது. உள்ளே ஏதோ கெட்டியாக இருந்தது. சட்டைப் பொத்தான் ஏதாவது மாட்டிக்கொண்டிருக்கும் என்று நினைத்து, விரலை நெருடி நெருடி வெளியே தள்ளினாள்.

உள்ளங்கையில் ஈரமாக விழுந்தது ஒரு வெண்கலக் காசு.

காசக்கா கவிழ்த்து வைத்திருந்த வாளியின்மேல் உட்கார்ந்துவிட்டாள்.

நாணய அறையில் பதினேழாம் எண் தட்டு அவளுடைய செல்லம். மரத்தட்டில் வரிசைக்கு ஆறாக இருபத்துநாலு வட்டக் குழிகள். குழிக்கு ஒரு ரோமானியக் காசு. ஒரு பக்கம் ஏதாவது ஒரு பேரரசனின் தலை, மறுபக்கம் ஒரு பெண். அந்தப் பெண்கள் எல்லாம் குணங்கள் என்று காப்பாட்சியர் அம்மா, அவள் நாணய அறைக்கு வந்த புதிதில் சொன்னார். நேர்மை, அடக்கம், பக்தி, தாராளம், ஒற்றுமை என்று ஒவ்வொரு குணத்தையும் ஒரு பெண்ணாக நிறுத்தி, கையில் ஆளுக்கொரு சாமானைக் கொடுத்துக் காசில் அடித்துவிட்டார்கள். எழுத்துப் புரியாவிட்டாலும் சாமானைப் பார்த்து ஆளைச் சொல்லிவிடலாம். காசக்கா தன் வசதிக்குப் பேர் வைத்துக்கொண்டாள். நேர்மை, தராசுக்காரி. ஒரு கையில் பூவும் மறுகையில் பாவாடை நுனியுமாக, சேற்றில் கால் வைக்கிறவள் போல வருகிற நம்பிக்கை, பூக்காரி. முக்காட்டை இழுத்து விட்டுக்கொள்கிறவள் அடக்கம். பாம்புக்குச் சாப்பாடு ஊட்டுகிறவள் ஆரோக்கியம். "அவ ஊட்டுனா பாம்பாவது சொன்ன பேச்சு கேக்குது" என்பாள் காசக்கா.

மூன்றாவது வரிசை நாலாவது குழியில் இருப்பவள் அச்சமின்மை. தூணில் முழங்கையை ஊன்றி, கால்மேல் கால் மாற்றி, பஸ் வர இன்னும் நேரமிருக்கிறது என்பது போல நிற்பாள். காசக்கா அவளைச் 'சாஞ்சவ' என்பாள். பக்கவாட்டு வாசலின் காவலாளிக்கு, மீசையை எடுத்துப் பத்து வருடமாகியும் மீசை என்றே பேர். அவனிடம் ஒருநாள் இவளைப் பற்றிச் சொன்னபோது, "காவலுக்கு நிக்கிற பொம்பளையா? சாஞ்சுக்கிட்டேதானே நிக்கிறா? அப்ப எங்க ஆளுதான்" என்றான்.

"ஊருக்கு ஒரு பயமும் இல்லைன்னு சொல்றதுக்காக அடிச்ச காசு இது. அடிச்ச வருஷங்கள்ல எல்லையில எதிரி, உள்ள கொள்ளைநோய், ராஜா மாத்தி ராஜாவைக் கொன்னுட்டு இருந்தாங்க" என்று காப்பாட்சியர் அம்மா சொல்லியிருக்கிறார். காசக்காவுக்கு அது சட்டென்று புரிந்தது. வீட்டுக்காரருக்கு வேலை போயிருந்த வருடத்தில்தான், தொலைபேசியில் அவள் அம்மாவிடம் 'இங்க எல்லாரும் நல்லா இருக்கோம்' என்று வாரம் தவறாமல் சொன்னாள்.

அந்தச் சாஞ்சவள்தான் இப்போது உள்ளங்கையில் இருந்தாள். நாற்பது நிமிடம் சோப்புத் தண்ணீரில் சுற்றியிருக்கிறாள். வெண்கலக் காசின்மேல் நூற்றாண்டுக் கணக்கில் படிந்த கரும்பச்சைப் படலம் அதன் தோல் மாதிரி. அதை உரிப்பதைவிடக் காசைத் தொலைத்துவிடலாம் என்பது நாணய அறையின் பாலபாடம். காசக்கா திருப்பிப் பார்த்தாள். பேரரசனின் கன்னத்தில் மிளகு அளவுக்குத் தோல் உரிந்து, புதுக் குழாய் போலப் பளபளவென்று இருந்தது.

எப்படி நடந்தது என்பது வாளியின்மேல் உட்கார்ந்தபடியே புரிந்துவிட்டது. கையுறை பழசு; விரல் நுனியில் நூல் பிரிந்து சுருள் சுருளாக நிற்கும். காசின் விளிம்பு அதில் மாட்டியிருக்கிறது. அவள் வழக்கம்போலக் கையுறையை மணிக்கட்டிலிருந்து உட்புறம் வெளியாக உரித்துச் சுருட்டிப் பையில் போட்டிருக்கிறாள். வெளியே ஒட்டியிருந்தது உள்ளே போய்விட்டது.

ஆனால் தட்டை மூடுமுன் எண்ண வேண்டும். அவள் எண்ணி, சீட்டில் இருபத்துநாலு என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். காப்பாட்சியர் அம்மா தானும் எண்ணிப் பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அங்கேதான் வினை. காசக்கா எண்களால் எண்ணுவதை விட்டு வருடக்கணக்காகிறது. வகுப்பில் ஆஜர் எடுப்பது போலப் பேர் சொல்லிக் கூப்பிடுவாள்: தராசுக்காரி, பூக்காரி, முக்காட்டுக்காரி... இருபத்துநாலு பேரும் வாயிலேயே குடியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை மழை வருகிற மாதிரி இருந்தது. கண் ஜன்னலைப் பார்த்தது. வாய் பாட்டுக்கு ஆஜர் எடுத்து முடித்தது. காப்பாட்சியர் அம்மா கைப்பையைத் தோளில் மாட்டியபடி, "நீ எண்ணிட்டேல்ல?" என்று கேட்டுக்கொண்டே தன் கையெழுத்தைப் போட்டார்.

"என்னங்க, இங்க கொஞ்சம் வாங்க."

வீட்டுக்காரர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். சனிக்கிழமை அவருக்கு விடுமுறை. "டீயா?" என்றபடி வந்தார்.

அவள் கையை நீட்டினாள். அவர் குனிந்து பார்த்தார்.

"இது அங்கதானே இருக்கணும்?"

"அங்கதான் இருக்கணும்."

"நீ எடுத்தியா?"

காசக்கா நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள். அவரே பதறி, "சும்மா கேட்டேம்மா" என்றார்.

"இருபத்தாறு வருஷம் கூட இருக்கிற நீங்களே கேக்குறீங்க பாருங்க. அப்ப அவங்க என்ன கேப்பாங்க?"

அவர்கள் என்ன கேட்பார்கள் என்பது அவளுக்குத் தெரியும். ஐந்து வருடத்துக்கு முன் பானை ஓடுகள் பிரிவில் ஒரு முத்திரைக் கல் காணாமல் போனது. அந்தப் பிரிவின் உதவியாளர் வீட்டுக்குப் போய், மெத்தையைக் கிழித்து, துணி அலமாரியைக் கொட்டித் தேடினார்கள். தெருவே நின்று பார்த்தது. நாலு மாதம் கழித்து அந்தக் கல் இழுப்பறைக்குப் பின்னால் இருந்த சந்தில் கிடைத்தது. அவர் திரும்ப வேலைக்கு வந்தார். ஆனால் அதற்குப் பிறகு அவர் இருக்கிற அறையில் யாரும் பையைத் திறந்து வைத்துவிட்டுப் போனதில்லை. காசக்காவும்தான்.

அவளுக்குப் பணி ஓய்வுக்கு இன்னும் பத்து வருடம் இருந்தது. அந்தப் பத்து வருடமும் அப்படியாகிவிடுமோ என்பதுதான் பயம். வேலை போனாலும் எங்கேயாவது பெருக்கியாவது பிழைத்துக்கொள்ளலாம். அருங்காட்சியகத்தில் அவள் முதலில் பெருக்குகிறவளாகத்தான் சேர்ந்தாள். திருடி என்ற பேரோடு எங்கே போய்ப் பெருக்குவது?

"மேடத்துக்கு ஃபோன் போடு" என்றார் வீட்டுக்காரர்.

நாலு தடவை எடுத்தாள். நாலு தடவையும் 'மேடம், காசு எங்க வீட்டுல இருக்கு' என்ற வாக்கியம் தொண்டைவரை வந்து, கேட்பவர் காதில் அது எப்படி விழும் என்று அவளுக்கே கேட்டது. வைத்துவிட்டாள்.

மத்தியானம் அவர் வேறு யோசனை சொன்னார். "பாத்திரம் கழுவுற தொட்டியில போட்டுத் தண்ணியத் திறந்து விட்டுரு. பொருளே இல்லைன்னா பேச்சே இல்லை."

"குழி இருக்குமே."

"எந்தக் குழி?"

"மூணாவது வரிசை, நாலாவது குழி" என்றாள் காசக்கா. அவர் அதோடு அந்தப் பேச்சை விட்டார்.

கைகள் மட்டும் வேலை மறக்கவில்லை. காசைத் தேய்க்காமல் மெல்லிய துணியில் ஒற்றினாள். ஈரம் தங்கினால் வெளிர்பச்சைக் களிம்பு பூக்கும். அது ஒட்டுவாரொட்டி போலப் பரவும். வீட்டுக்காரரின் புதுச் செருப்புப் பெட்டியில் கிடந்த ஈரம் உறிஞ்சும் பொட்டலங்கள் இரண்டைப் பொறுக்கி, காசோடு ஒரு சின்னப் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, மருந்துப் பெட்டியின் அடியில் வைத்தாள். வீட்டில் யாரும் தேடாத இடம் அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் சாப்பிட வந்தாள்.

"என்ன அண்ணி, மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருக்கு? அண்ணன் ஏதாவது சொன்னானா?"

"தூக்கமில்லை."

"உங்களுக்கு என்ன கவலை? செத்துப்போன ராஜாக்களோட உத்தியோகம். எதுத்துப் பேசுற ஆளே கிடையாது." சொல்லிக்கொண்டே எழுந்து அலமாரியைத் திறந்தாள். "எனக்குத்தான் தலை வெடிக்குது. மாத்திரை இங்கதானே?"

மருந்துப் பெட்டியின் மூடி திறக்கிற சத்தம் கேட்பதற்குள் காசக்கா அங்கே இருந்தாள். நாத்தனார் கையிலிருந்து பெட்டியைப் பிடுங்கினாள். பிடுங்கினாள் என்பதுதான் சரி. தைலக் குப்பி உருண்டு கீழே விழுந்தது.

"நான் எடுத்துத் தர்றேன்."

நாத்தனார் அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் தட்டைப் பார்த்தார். மாத்திரையை வாங்கி விழுங்கிவிட்டு, "ஒரு மாத்திரைக்கு இவ்வளவு காவலா?" என்று மட்டும் சொன்னாள். அன்றைக்கு வழக்கத்தைவிடச் சீக்கிரம் கிளம்பிப் போனாள். சந்தேகம் என்பது எப்படி இருக்கும் என்று காசக்கா அந்த முதுகில் பார்த்தாள்.

திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்கு அவளிடம் ஒரு திட்டம் இருந்தது. பதினேழாம் தட்டு செவ்வாய்க்கிழமை புதுக் கண்ணாடிப் பேழைக்குப் போகிறது. அதற்காக இன்று பத்தரை மணிக்கு ஒவ்வொரு காசையும் எடை போட்டு, அட்டையோடு ஒப்பிடுவார்கள். காப்பாட்சியர் அம்மா ஒன்பதே முக்காலுக்குத்தான் வருவார். அதற்குள் சாஞ்சவளைக் குழியில் வைத்துவிட வேண்டும். எடை குறைந்திருக்குமோ, கன்னத்துப் புள்ளி தெரியுமோ என்பதெல்லாம் அப்புறம். வெளியே வந்த வழியிலேயே உள்ளே போகட்டும் என்று, காசை அதே கையுறையின் மோதிர விரலில் திணித்து, மற்ற கையுறைகளுக்கு நடுவில் சுருட்டியிருந்தாள்.

"பையைக் காட்டுங்க காசக்கா." மீசை கையுறைச் சுருட்டை எடுத்தான். ஒரு அமுக்கு அமுக்கினான். அவன் சுருட்டை மூக்கருகே கொண்டுபோனான். "என்ன சோப்பு போடுறீங்க? எங்க வீட்டுல துவைச்சா ஈர நாத்தம் போகவே மாட்டேங்குது."

"வெயில்ல போடணும்" என்றாள். அது தன் குரல்தானா என்று அவளுக்குத் தெரியவில்லை.

"போங்க, போங்க. உள்ள ஒரே கலாட்டா. மேடம் ஏழரைக்கே வந்துட்டாங்க. ஏதோ காணோமாம். கூட்டுறம்மாவை டைரக்டர் ரூம் வாசல்ல உக்கார வச்சிருக்காங்க. சனிக்கிழமை பேழை மாட்ட ஆளுங்க வந்தப்ப அவங்கதானே உங்க அறையைக் கூட்டுனது."

நாணய அறைக்குப் போகும் வழியில்தான் இயக்குநர் அறை. கூட்டுகிற அம்மா பெஞ்சின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். காசக்காவைவிட நாலைந்து வயது மூத்தவள், தினக்கூலி. இரண்டு கைகளையும் மடியில் மல்லாத்தி வைத்திருந்தாள், யாரோ காட்டச் சொன்ன மாதிரி. காசக்காவைப் பார்த்து ஏதோ கேட்க வாயெடுத்தாள்.

காசக்கா நிற்காமல் போய்விட்டாள். அந்தப் பத்தடி நடந்ததை அவளால் பிறகு எவரிடமும் சொல்ல முடியவில்லை.

நாணய அறையில் விளக்குகள் எல்லாம் எரிந்தன. மேசைமேல் பதினேழாம் தட்டு திறந்திருந்தது. மூன்றாவது வரிசையில் நாலாவது குழி காலி. காப்பாட்சியர் அம்மா தரையில் முட்டிபோட்டு, டார்ச்சைப் பீரோவின் அடியில் அடித்துத் தேடிக்கொண்டிருந்தார். ஓய்வுக்கு ஒரு வருடம் இருக்கிற மனுஷி. முழங்கால் இரண்டிலும் தூசி.

"வந்துட்டியா. அந்தப் பக்கம் பாரு. உருண்டு போயிருக்கும்."

காசக்காவும் முட்டிபோட்டாள். பை தோளில் இருந்தது. கை பைக்குள் போனது. விரல்கள் கையுறைகளைத் துழாவி அந்தக் கெட்டியைத் தொட்டன. காப்பாட்சியர் அம்மாவின் முகம் பீரோவுக்கு அடியில் இருந்தது. பிதுக்கி எடுத்துச் சுவரோரம் வைத்துவிட்டு, 'இந்தா இருக்கு மேடம்' என்று மூன்று சொல் சொன்னால் போதும். இரண்டு நாள் பயமும் அந்த மூன்று சொல்லில் முடிந்துவிடும்.

பீரோவுக்கு அடியிலிருந்து குரல் வந்தது. "கிடைச்சாலும், கூட்டுற அவசரத்துல அவதான் தட்டைத் தட்டி விட்டிருக்கணும்னு எழுதிடலாம். கிடைக்கலைன்னா போலீஸ்தான்."

காசக்காவின் கை பைக்குள்ளேயே நின்றது. கீழே கிடைத்தால் கன்னத்துப் புள்ளிக்கும் கூட்டுகிற அம்மாதான் பொறுப்பாவாள். துடைப்பம் பட்டுத் தோல் உரிந்தது என்பார்கள்.

"மேடம். எங்கிட்ட இருக்கு."

காப்பாட்சியர் அம்மா எழுந்த வேகத்தில் தலை பீரோவில் இடித்தது.

அரைமணி நேரம் கழித்து இரண்டு பேரும் இயக்குநர் அறையில் இருந்தார்கள். தராசில் காசு. அட்டையில் மூன்று புள்ளி நாலு ஒன்று கிராம். தராசில் மூன்று புள்ளி மூன்று எட்டு. இயக்குநர் இளைஞர், வந்து ஆறு மாதம். கத்துகிறவர் இல்லை, அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

"கையுறையில மாட்டிக்கிச்சுன்னு சொல்றீங்க. எப்படின்னு ஒரு தடவை காட்டுங்க."

அதே அளவில் ஒரு செல்லாக்காசு வந்தது. காசக்கா அதே பழைய கையுறையை மாட்டிக்கொண்டு காசை எடுத்தாள், வைத்தாள், கையுறையை உரித்தாள். காசு மேசையில் விழுந்தது. மறுபடி எடுத்தாள். விழுந்தது. பிரிந்த நூலில் படும்படி விளிம்பை அழுத்தி எடுத்தாள். விழுந்து உருண்டு இயக்குநரின் பேனாவில் மோதி நின்றது. எட்டு தடவை. கையுறைக்குள் உள்ளங்கை நனைந்துவிட்டது.

"விழுதே."

"அன்னைக்கு விழலை சார்."

அவர் எழுத ஆரம்பித்தார். நாளைக்குப் பேழைக்குப் போகிறது என்று தெரிந்து, பயந்து, எடுத்ததைத் திருப்பிக் கொண்டுவந்திருக்கிறாள் என்றுதான் எழுதுகிறார் என்று காசக்காவுக்குத் தோன்றியது. அவர் இடத்தில் இருந்தால் தானும் அதைத்தான் எழுதுவோம் என்றும் தோன்றியது.

"சார்" என்றார் காப்பாட்சியர் அம்மா. தலையில் இடித்த இடத்தை அமுக்கிக்கொண்டிருந்தார். "திருடணும்னு எடுத்தவ இதைச் சோப்புத் தண்ணியில போடமாட்டா. என் கையில டீக்கடை ஈரம் இருந்தாக்கூட 'துடைச்சிட்டு வாங்க மேடம்'னு என்னையே வெளிய நிறுத்துறவ இவ. இந்தக் கன்னத்தைப் பாருங்க. இதைத் தெரிஞ்சு செய்யிற கை இவளுக்குக் கிடையாது."

இயக்குநர் நிமிர்ந்தார். "அப்ப வெள்ளிக்கிழமைச் சீட்டுல இருபத்துநாலுன்னு எப்படி வந்துச்சு?"

"இவ பாக்காம எழுதுனா. நான் எண்ணாம கையெழுத்துப் போட்டேன்." கொஞ்சம் நிறுத்தி, "ரெண்டு மூணு வருஷமாவே நான் எண்ணுறதில்லை. அதையும் எழுதிக்கோங்க" என்றார்.

இயக்குநர் எழுதியிருந்த காகிதத்தைச் சிறிது நேரம் பார்த்தார். பிறகு அதை மடித்து ஓரமாக வைத்துவிட்டு வேறொன்றை எடுத்தார். காசக்காவுக்கு நாணய அறைச் சாவி இனிக் கிடையாது. ஆறு மாதம் பானை ஓடுகள் பிரிவு. காப்பாட்சியர் அம்மாவுக்கு எழுத்துமூலம் கண்டிப்பு. கையுறை இனிமேல் கட்டடத்தைத் தாண்டக் கூடாது. காசின் அட்டையில் புது எடையும், அதற்குக் கீழே 'சலவை இயந்திரத்தில் கழுவப்பட்டது' என்பதும் தேதியோடு ஏறும். அந்தக் காசு இருக்கிறவரை அந்த வரியும் இருக்கும்.

வெளியே தாழ்வாரத்தில் இரண்டு பேரும் கொஞ்ச தூரம் நடந்தார்கள்.

"சனிக்கிழமையே ஏன் எனக்கு ஃபோன் பண்ணலை?"

"பயமா இருந்துச்சு மேடம்."

"எனக்கும்தான். நாளைக்குப் பேழைன்னு நெனச்சுத் தூக்கம் வராம சீக்கிரம் வந்தேன். அந்தக் குழி காலியா இருந்ததைப் பாத்ததும் முதல்ல யார் ஞாபகம் வந்துச்சுன்னு கேக்காத."

காசக்கா கேட்கவில்லை.

"உன் பேரைச் சொல்ல வாய் வரலை. அதான் கூட்டுறவ பேரைச் சொன்னேன்."

பெஞ்சு காலியாக இருந்தது. போகலாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்; ஏன் என்று சொன்னார்களா தெரியவில்லை. கூட்டுகிற அம்மா உள்முற்றத்தில் வேலையைத் தொடங்கியிருந்தாள். இரண்டு பேரும் படியிறங்கி அவளுக்கு முன்னால் போய் நின்றார்கள். யார் முதலில் ஆரம்பிப்பது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

அவள் நிமிரவில்லை. "கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றாள். "தூசி பறக்குது."